வேலாப்போடி ஆட வரும்போது

குணமணி கடை திறந்த காலத்தில் அங்கே கொம்பியூட்டர் என்று ஒன்று இருக்கவில்லை. திருகோணமலையில், மூதூருக்கு லோஞ்ச் படகு புறப்படும் இறங்குதுறைக்குப் போகிற வீதியில், ஒரு புடவைக் கடைக்கும் சைக்கிள் திருத்துமிடத்துக்கும் நடுவே அகப்பட்ட ஒடுங்கிய அறை அது. இரண்டு தொலைபேசி, ஒரு போட்டோக்கொப்பி மெஷின், வாசலில் நீல எழுத்தில் 'குணமணி கொமியூனிகேஷன்' என்று ஒரு பலகை. சண்டை மும்முரமாக நடந்த வருடங்களில் கனடாவுக்கும் கட்டாருக்கும் கதைக்க வந்தவர்கள் வீதிவரை வரிசையில் நின்றார்கள். போர்நிறுத்தம் வந்த பிறகு வீடுகளுக்கே தொலைபேசி கிடைக்கத் தொடங்கியது. வரிசை கரைந்துபோனது.

கடையை விற்றுவிடலாம் என்று அவள் கணவன் செல்லத்தம்பி சொன்னான். குணமணி விற்கவில்லை. கொழும்பில் ஒரு அலுவலகம் கழித்துவிட்ட நான்கு கொம்பியூட்டர்களை லொறியில் வரவழைத்து, சுவரோரமாக மேசை போட்டு அடுக்கினாள். வேலைக்கு விண்ணப்பம் தட்டச்சு செய்ய ஆட்கள் வருவார்கள் என்பது அவளுடைய எண்ணம். விண்ணப்பம் எழுத ஒருவரும் வரவில்லை. மெஷின்களில் ஒன்றில் யாரோ விட்டுவைத்திருந்த கிரிக்கெட் விளையாட்டை ஒருநாள் ஒருவன் கண்டுபிடித்தான். அடுத்த கிழமையே நான்கு கதிரைகளும் நிரம்பின. ஐஸ் பெக்டரியில் வேலை செய்கிறவர்கள், லோஞ்சுக்குக் காத்திருக்கிறவர்கள், வங்கியில் காசாளராக இருந்த சோமசேகரம் என்று வளர்ந்த ஆட்களே இடத்துக்கு அடிபட்டுக்கொண்டு விளையாடினார்கள்.

மூதூரில் ஒரு தனியார் வகுப்பில் கொம்பியூட்டர் படிப்பித்த றஊப் அங்கே வந்தது போட்டோக்கொப்பி எடுக்கத்தான். மெலிந்த, அதிகம் கதைக்காத ஆள். கொப்பி எடுத்து முடியும்வரை சோமசேகரத்தின் பின்னால் நின்று பார்த்தான். அந்த விளையாட்டில் இருந்த பெயர்கள் எல்லாம் வெளிநாட்டு ஆட்டக்காரர்களுடையவை. இவற்றை மாற்றலாம் என்று அவன் மெதுவாகச் சொன்னான். எப்படி என்று குணமணி கேட்டாள். விளையாட்டின் பெயர்களும் ஆட்களின் திறமையும் எண்களாகவும் எழுத்துகளாகவும் ஒரு கோப்புக்குள் கிடக்கின்றன என்றும், அதைத் திறக்கிற கருவி தன்னிடம் இருக்கிறது என்றும் சொல்லிவிட்டு லோஞ்சுக்கு ஓடினான்.

அடுத்த சனிக்கிழமை ஒரு பிளொப்பித் தட்டோடு வந்தான். இறங்குதுறையில் சோதனை செய்த கடற்படைக்காரன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து இதற்குள் என்ன என்று சிங்களத்தில் கேட்டானாம். "கிரிக்கெட்" என்று றஊப் சொன்னானாம். அந்த ஒரு சொல் போதுமாக இருந்தது.

பிளொப்பிக்குள் இருந்தது திருகோணமலை மாவட்டம். குச்சவெளி, கிண்ணியா, மூதூர், அன்புவழிபுரம் என்று நான்கு அணிகள். ஒவ்வொரு அணியிலும் மெய்யாகவே ஞாயிற்றுக்கிழமைகளில் ஆடுகிற பதினொரு பேர். யார் இடதுகைக்காரன், யார் வேகமாகப் போடுவான், யார் கையில் வந்த பந்தை விடுவான் என்பதெல்லாம் எண்ணாக்கி ஏற்றப்பட்டிருந்தது. றஊப் நல்ல ஆட்டக்காரன் இல்லை. ஆனால் மாவட்டத்தில் நடந்த ஒரு ஆட்டத்தையும் அவன் தவறவிட்டதில்லை. எல்லைக்கு வெளியே குந்தியிருந்து பார்த்ததெல்லாம் அவன் தலைக்குள் இருந்தது.

இப்படி விளையாட்டைத் திருத்துவதற்கு 'மொட்' என்று பெயர் இருப்பது அவர்களுக்குத் தெரியாது. பெட்ச் என்றார்கள். திருமலை பெட்ச். அது வந்த நாளிலிருந்து கடையில் நிற்க இடமில்லாமல் போனது. தன்னுடைய பெயர் திரையில் ஓடுவதைப் பார்க்கக் குச்சவெளியிலிருந்து பஸ் ஏறி ஒரு அணியே வந்தது.

பார்த்தவர்கள் முறைப்பாடும் கொண்டுவந்தார்கள். குச்சவெளி அணித்தலைவர் தம்பிராசா தன் பந்துக்கு வேகம் போதாது என்றார். கிண்ணியா விக்கெட் காப்பாளர் தான் அந்தளவு பந்துகளைத் தவறவிடுவதில்லை என்று சாட்சிக்கு இரண்டு பேரைக் கூட்டிவந்தார். சிலருக்கு விளையாட்டு இடையில் நின்றது, சிலருக்குத் தொடங்கவே இல்லை. சோமசேகரம் எல்லாவற்றுக்கும் வைரஸ் என்றார். சனிக்கிழமைகளில் றஊப் கடைக்குள் கால் வைத்ததும் ஆட்கள் அவனைச் சுற்றிக்கொள்வார்கள். அவன் ஒருவருக்கும் பதில் சொல்லத் தெரியாமல் வெற்றிலை போட்டவன்போல வாயை மூடிக்கொண்டு நிற்பான். இரண்டாம் மாதம், இனி வரமாட்டேன் என்று குணமணியிடம் சொன்னான்.

குணமணி யோசித்தாள். பிறகு ஒரு ஒழுங்கு செய்தாள். இனிமேல் முறைப்பாடு எல்லாம் அவளிடம்தான் சொல்லவேண்டும். வேலை செய்யவில்லை என்று வெறுமனே சொல்பவரின் கதையை அவள் கேட்கமாட்டாள். எந்த மெஷின், யார் பந்து போட்டது, யார் துடுப்பெடுத்தது, நிற்பதற்கு முன்னால் கடைசியாக என்ன அமத்தினீர்கள் என்று கேட்பாள். சொல்லத் தெரியாதவர்களைக் கதிரையில் இருத்தித் திரும்ப ஆடச் சொல்வாள். தன் பந்து வேகம் குறைவு என்பவர்களை, அது பெட்ச்சின் பிழை இல்லை, பந்தின் பிழை என்று அனுப்பிவிடுவாள். இப்படிச் சலித்தெடுத்ததில் மிஞ்சியது கொஞ்சந்தான். அதை மட்டும் சனிக்கிழமை றஊப்பிடம் சொன்னாள். அவனும் அமைதியாக ஒரு மூலையில் இருந்து திருத்திவிட்டுத் தேநீர் குடித்துவிட்டுப் போனான். பஸ் நிலையத்தடியில் இன்னொரு கடைக்காரன் பெட்ச்சைக் கொப்பியடித்துத் தன்னுடையது என்று சொல்கிறான் என்று தெரியவந்தபோது, தொடக்கத் திரையில் 'ஆக்கம்: றஊப், மூதூர்' என்று போடவைத்ததும் குணமணிதான். பெயர் போட்டால் யாராவது விசாரிக்க வருவார்கள் என்று அவன் பயந்தான். விசாரிக்க வந்தால் அவர்களையும் ஒரு ஆட்டம் ஆடவிடலாம் என்று அவள் சொன்னாள்.

வேலாப்போடி வந்தது அதற்குப் பிறகு.

அவன் ஐஸ் பெக்டரியில் ஐஸ் பாளம் இழுக்கிறவன். வெருகல் பக்கத்திலிருந்து சின்ன வயதில் இடம்பெயர்ந்து தாயோடு அன்புவழிபுரத்தில் குடியிருந்தான். அன்புவழிபுரம் அணியில் ஆறாவதாகத் துடுப்பெடுப்பான், இடது கையால் வேகமாகப் பந்து போடுவான். அவனுடைய முறைப்பாடு புதுவிதமானது. பந்து வேகம் சரி, துடுப்பும் சரி. பெயர்தான் பிழை.

"அக்கா, இதில கே. வேலாப்போடி எண்டு கிடக்கு. எல்லாரும் அது என்ர ஒண்டுவிட்ட அண்ணன் எண்டு நினைக்கினம்" என்றான்.

ஒன்றுவிட்ட அண்ணன் மூதூர் அணியில் ஆடுகிறவன். வேலாப்போடி என்பது இருவருக்கும் வைத்த பாட்டனின் பெயர். அண்ணனின் தகப்பன் கந்தப்போடி, இவனுடைய தகப்பன் கதிராமன். முதலெழுத்தும் ஒன்றாகவே போனது. கடையில் இவன் ஐந்து விக்கெட் எடுத்தால் ஊரில் அண்ணனுக்குக் கைகொடுக்கிறார்களாம். ஆகவே தகப்பனின் பெயரை முழுதாகப் போட்டுத் தரவேண்டும் என்று கேட்டான். நியாயமான கேள்வி என்று குணமணிக்குப் பட்டது. றஊப்பும் ஒப்புக்கொண்டான். அந்தச் சனிக்கிழமை வேலாப்போடிக்கு வேறு சில திருத்தங்களும் செய்தான். துடுப்பில் வலதுகைக்காரனாக இருந்தவனை இடதுகைக்காரனாக்கினான், பந்தின் வேகத்தைக் கூட்டினான், அன்புவழிபுரத்தின் சட்டைக்கும் நிறம் மாற்றினான். எல்லாவற்றையும் ஏற்றிவிட்டு, பரீட்சித்துப் பார்க்க நேரமில்லாமல் கடைசி லோஞ்சுக்கு ஓடினான்.

திங்கட்கிழமை சோமசேகரம் அன்புவழிபுரத்துக்கு ஆடினார். ஐந்து விக்கெட் விழுந்தது. வேலாப்போடி மைதானத்துக்குள் நடந்து வந்தான். திரை கறுத்தது. மெஷின் அப்படியே நின்றுபோனது.

மற்ற மெஷினில் ஆடிப் பார்த்தார்கள். அங்கேயும் ஐந்தாவது விக்கெட் விழுந்து வேலாப்போடி வந்ததும் நின்றது. வேறு அணிகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. வேலாப்போடி வராவிட்டால் அன்புவழிபுரத்துக்கும் ஒன்றும் ஆகவில்லை. அவன் வந்தால் மட்டும் நின்றது.

சாதாரண நாளாக இருந்தால் சிரித்துவிட்டு சனிக்கிழமைவரை பொறுத்திருப்பார்கள். அந்தக் கிழமை மூதூரில் தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் இடையில் கலவரம் வந்தது. கடைகள் எரிந்தன. லோஞ்ச் நின்றது. திருமலையில் ஹர்த்தால். கடையின் கதவுப் பலகைகளில் பாதியைத்தான் குணமணி திறந்து வைத்திருந்தாள். உள்ளே இருந்தவர்களில் ஒருவர், மூதூரான் வேண்டுமென்றே செய்த வேலை இது என்றார். தமிழ்ப் பொடியன் ஆட வந்தால் நிற்கிற மாதிரிச் செய்துவிட்டுப் போயிருக்கிறான் என்றார். இன்னொருவர் அதற்குத் தலையாட்டினார். அடுத்த நாள் அந்தக் கதை மீன் சந்தையில் கேட்டது. அதற்கடுத்த நாள் அன்புவழிபுரத்துக்குப் போய்விட்டது.

வேலாப்போடி வேலை முடிந்து நேரே கடைக்கு வந்தான். உடுத்திருந்த சாரம் நனைந்திருந்தது, கையில் ஐஸ் உப்பு வெள்ளையாகப் படிந்திருந்தது. றஊப்போடு கதைக்கவேண்டும் என்றான். குணமணி தொலைபேசியில் இலக்கத்தைச் சுழற்றி, வாங்கியை அவனிடம் கொடுத்தாள். அவன் சத்தம் போடுவான் என்று நினைத்தாள். அவன் சத்தம் போடவில்லை.

"றஊப் நானா, நான் உங்களுக்கு என்ன செய்தனான்?" என்று கேட்டான்.

மறுபக்கம் நெடுநேரம் பேசியது. வேலாப்போடி ம், ம் என்று கேட்டுக்கொண்டிருந்தான். பிறகு வாங்கியைக் குணமணியிடம் தந்துவிட்டு வெளியே போய்ப் படிக்கட்டில் நின்றான்.

றஊப்பின் குரல் தேய்ந்திருந்தது. வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி எரிந்துகொண்டிருப்பதாகவும், தன் உம்மா ஆமினாவைப் பெரியம்மா வீட்டில் கொண்டுபோய் விட்டிருப்பதாகவும் சொன்னான். "அக்கா, நான் வேணுமெண்டு செய்யல்ல. அந்தப் பொடியனை நான் எவ்வளவு ஆசையாப் பார்த்துப் பார்த்துச் செஞ்ச. எனக்கு ஏலா இனி. எல்லாத்தையும் அழிச்சிப் போடுங்க. பழைய விளையாட்டே இரிக்கட்டும்."

அழிக்கமாட்டேன் என்று குணமணி சொன்னாள். அழித்தால் அவர்கள் சொன்னது உண்மையாகிவிடும் என்றாள். அன்றைக்கு என்னென்ன மாற்றினீர்கள், ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள் என்றாள். அவன் சொன்னான். திருத்துகிற கருவி கடை மெஷினில் இருந்தது. அதை எப்படித் திறப்பது, எந்த இடத்துக்குப் போவது, எதைத் தொட்டால் எது மாறும் என்று அவன் சொல்லச் சொல்ல, வாங்கியைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு அவள் செய்துபார்த்தாள். போட்டோக்கொப்பி மெஷினுக்கு மை மாற்றவே செல்லத்தம்பியைக் கூப்பிடுகிறவள்தான். ஆனாலும் தொட்ட இடம் பிழைத்தால் முன்பிருந்தபடி திருப்பிவைக்கலாம் என்று தெரிந்ததும் பயம் போய்விட்டது.

முதலில் சட்டையின் பழைய நிறத்தைத் திருப்பிவைத்தாள். ஆடிப் பார்க்கவேண்டும். ஆடுவதற்குச் சோமசேகரத்தை இருத்தினாள். வேலாப்போடி வருவதற்கு ஐந்து பேர் ஆட்டமிழக்கவேண்டும். சோமசேகரத்தால் விக்கெட்டைச் சும்மா கொடுக்க முடியவில்லை. இது பரீட்சை, அடிக்காமல் நில்லுங்கள் என்று சொன்னாலும், நல்ல பந்து வந்தால் கை தானாக அடித்துவிடுகிறது என்றார். ஐந்து விக்கெட் விழ அரை மணித்தியாலத்துக்கு மேலானது. வேலாப்போடி வந்தான். மெஷின் நின்றது. பிறகு இடதுகையை வலதுகையாக்கினாள். மறுபடியும் ஐந்து விக்கெட். இடையில் மின்சாரம் போய், வந்து, முதலிலிருந்து தொடங்கி, மீண்டும் நின்றது.

மூன்றாம் முறைக்கு முன்னால் குணமணி சோமசேகரத்தைப் பார்த்துக் கேட்டாள். "ஐயா, இவனை ஏன் ஆறாவதா விடுறம்? முதலாவதா இறக்கினால் என்ன?"

அன்புவழிபுரத்தில் அவன் எப்போதும் ஆறாவதாகத்தான் வருவான் என்றார் சோமசேகரம். அந்த நினைப்பிலேயே எல்லாரும் இரண்டு மணித்தியாலத்தைக் கழித்திருந்தார்கள். வேலாப்போடியை முதலாவதாக இறக்கிய பிறகு ஒரு பரீட்சைக்கு ஒரு நிமிடம்கூடத் தேவைப்படவில்லை.

பந்தின் வேகத்தைக் குறைத்துப் பார்த்தாள். நின்றது. கடைசியாகப் பெயரைப் பழையபடி கே. வேலாப்போடி என்று மாற்றினாள். அவன் வந்தான், துடுப்பைத் தட்டினான், முதல் பந்தைத் தடுத்தான். கடைக்குள் இருந்தவர்கள் மூச்சு விட்டது கேட்டது.

பெயரில் என்ன பிழை? கதிராமன் என்ற பெயரில் ஏதோ ஒரு எழுத்து அந்த விளையாட்டுக்குப் பிடிக்கவில்லையோ என்று யோசித்தாள். அந்த இடத்தில் தன் பெயரைப் போட்டுப் பார்த்தாள். அன்புவழிபுரத்துக்காகக் குணமணி மைதானத்தில் இறங்கினாள். ஒரு தடையும் இல்லை. சோமசேகரம் அவளுக்காக ஆடி இரண்டு முறை நான்கு ஓட்டங்களும் அடித்துக் கொடுத்தார். பிறகு கணவனின் பெயரையும் சேர்த்து செல்லத்தம்பி குணமணி என்று போட்டாள். இறங்கியதும் திரை கறுத்தது.

விளையாட்டோடு வந்த வெளிநாட்டுப் பெயர்களை எல்லாம் திறந்து, எழுத்துகளை விரலால் தொட்டு எண்ணினாள். எவருக்கும் பதினைந்து எழுத்துக்கு மேல் இல்லை. கதிராமன் வேலாப்போடியை ஆங்கில எழுத்தில் எழுதினால் அதற்கு மேல் போனது. பெயருக்கு ஒதுக்கிய இடம் அவ்வளவுதான். மிச்சம் அடுத்த ஆட்டக்காரனுடைய இடத்துக்குள் விழுந்து, அங்கே இருந்ததை நசுக்கிவிட்டது. அவ்வளவுதான் சங்கதி.

றஊப்புக்கு உடனே தொலைபேசி எடுத்துச் சொன்னாள். மறுபக்கம் அவன் சிரிக்கிற சத்தம் கேட்டது. அந்தக் கிழமை முழுவதும் அவன் சிரித்திருக்கமாட்டான் என்று அவளுக்குத் தோன்றியது.

வேண்டுமென்றே செய்தான் என்று முதலில் சொன்னவரை அடுத்த நாள் கடைக்குள் கூப்பிட்டு, அவருடைய பெயரையும் தகப்பனின் பெயரையும் தட்டச்சு செய்து, அவரையே மைதானத்தில் இறக்கிக் காட்டினாள். மெஷின் நின்றது. அவர் கொஞ்ச நேரம் திரையைப் பார்த்துவிட்டு, வெளிநாட்டுக்காரருக்குத் தகப்பன் இல்லையோ என்று கேட்டார். அந்தக் கதையும் மீன் சந்தைக்குப் போனது. முதல் கதையைவிட இது வேகமாகப் பரவியது என்று செல்லத்தம்பி வந்து சொன்னான்.

வேலாப்போடிக்கு விளக்குவதுதான் கஷ்டமாக இருந்தது. மெஷின் நிற்பதற்கான காரணத்தை அவன் விளங்கிக்கொண்டான். பெயரைக் குறைக்கத்தான் சம்மதிக்கவில்லை. கதிர் வேலாப்போடி என்று போட்டால் பதினைந்துக்குள் அடங்கும் என்று குணமணி சொன்னாள்.

"கதிர் எண்டு என்ர அப்பாவை ஒருத்தரும் கூப்பிட்டதில்லை, அக்கா" என்றான்.

ஒரு விளையாட்டுக்குள் கிடக்கிற பெயருக்கு ஏன் இவ்வளவு பிடிவாதம் என்று அவள் கேட்டாள். அப்போதுதான் அவன் சொன்னான். தொண்ணூறாம் ஆண்டு, அகதி முகாமில் இருந்த காலத்தில், தகப்பன் வெருகலுக்குப் போய் மாடுகளைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று போனவர். போனதைக் கண்டவர்கள் இருக்கிறார்கள், வந்ததைக் கண்டவர்கள் இல்லை. குடும்ப அட்டையில் அவருடைய பெயரை வெட்டிவிட்டார்கள். மரணச் சான்றிதழ் கேட்டால் உடல் எங்கே என்கிறார்கள். இருக்கிறவர்களோடும் அவர் பெயர் இல்லை, செத்தவர்களோடும் இல்லை. திரையில் அந்தப் பெயர் ஓடினால் அம்மாவைக் கூட்டிவந்து காட்டலாம் என்று இருந்தேன் என்றான். சொல்லிவிட்டு, பரவாயில்லை அக்கா, கே. என்றே இருக்கட்டும் என்று எழும்பினான். ஐஸ் கரைகிற நேரம், போகவேண்டும் என்றான்.

லோஞ்ச் ஓடத் தொடங்கிய முதல் சனிக்கிழமை றஊப் வந்தான். மெலிந்த ஆள் இன்னும் மெலிந்திருந்தான். அவர்கள் வகுப்பின் கூரை பாதி எரிந்துபோனதாம், கொம்பியூட்டர்களை முதலே தூக்கிக்கொண்டுபோய்ப் பள்ளிவாசலில் வைத்ததால் தப்பின என்றான். குணமணி தேநீர் வாங்கிக் கொடுத்து, வேலாப்போடி சொன்னதை ஒன்றுவிடாமல் சொன்னாள். றஊப் தேநீரைக் கையில் வைத்தபடியே நெடுநேரம் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். பெயருக்கான இடத்தை ஒரு எழுத்தாலும் கூட்ட ஏலாது என்றான். கொஞ்சம் கழித்து, ஆனால் சட்டை எழுத்து இல்லையே என்றான்.

அவளுக்கு விளங்கவில்லை. அவன் விளக்கினான். சட்டை ஒரு படம். படத்தில் எதையும் கீறலாம். பதினைந்து எழுத்து என்ற கணக்கு அதற்கு இல்லை, ஆங்கிலத்தில் எழுதவேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. முதுகில் தமிழிலேயே கதிராமன் என்று எழுதலாம். ஒரு சிக்கல்தான். ஒரு அணிக்கு ஒரு சட்டைதான் உண்டு. எழுதினால் பதினொரு பேருடைய முதுகிலும் அதே பெயர் வரும்.

அது மற்றப் பத்துப் பேரையும் கேட்டுச் செய்யவேண்டிய வேலை. கேட்க வேலாப்போடி வெட்கப்பட்டான். யாரோ ஒருவனுடைய தகப்பனின் பெயரை முதுகில் போட்டுக்கொண்டு ஆட ஆருக்கு விருப்பம் இருக்கும் என்றான். குணமணி அவனைத் துரத்தினாள். ஞாயிறு ஆட்டம் முடிந்து எல்லாரும் வேப்பமர நிழலில் கிடந்தபோது அவன் கேட்டானாம். அணித்தலைவன், பின்பக்கம் சும்மா வெறுமையாகத்தானே கிடக்கிறது, எழுதச் சொல்லு என்றானாம். மற்றவர்கள் எழுத்து என்ன நிறம் என்று கேட்டார்களாம். அந்த விஷயத்தில்தான் சண்டை பிடித்தார்களாம். மஞ்சள் என்று முடிவானது.

அடுத்த சனிக்கிழமை பின்னேரம் வேலாப்போடி தாயைக் கூட்டிவந்தான். அன்னப்பிள்ளை உயரமான பெண். நல்ல சேலை உடுத்தி, கையில் ஒரு பையோடு, ஆஸ்பத்திரிக்கு வந்தவர்போலச் சுற்றிலும் பார்த்துக்கொண்டு நின்றார். குணமணி முன்கதிரையைக் கொடுத்தாள். சோமசேகரம் மூதூர் அணிக்குப் பந்து போட, அன்புவழிபுரத்துக்கு வேலாப்போடியே ஆடினான். றஊப் பின்னால் சுவரில் சாய்ந்து நின்றான். திரும்பவும் மெஷின் நின்றுவிடுமோ என்ற பயம் அவனுக்கு.

முதலிரண்டு ஆட்டக்காரர்களும் முதுகைக் காட்டிக்கொண்டு மைதானத்துக்குள் போனார்கள். கதிராமன், கதிராமன். மஞ்சள் எழுத்து.

அன்னப்பிள்ளை எழுத்துக்கூட்டி வாசித்தார். பிறகு மகனைப் பார்த்து, ஏன் இரண்டு பேர் என்று கேட்டார். எல்லாரும் அதே சட்டைதான் அம்மா என்று அவன் சொன்னான். ஒரு விக்கெட் விழுந்தது, இன்னொரு கதிராமன் வந்தார். மூன்று, நான்கு, ஐந்து. வேலாப்போடி திரையில் இறங்கியபோது கடையில் ஒருவரும் அசையவில்லை. அவன் துடுப்பைத் தட்டினான். மெஷின் ஓடிக்கொண்டே இருந்தது. றஊப் கண்ணை மூடித் திறந்தான்.

இவனைக் கொஞ்ச நேரம் ஆடவிடுங்கள் என்று குணமணி சோமசேகரத்துக்குக் கண்ணைக் காட்டியிருந்தாள். அவரும் சரி என்றிருந்தார். ஆனால் நல்ல பந்து என்றால் அவருடைய கை கேட்காது. மூன்றாவது பந்தில் நடு விக்கெட்டைப் பிடுங்கினார். கடை முழுவதும் அவரைத் திரும்பிப் பார்த்தது. அவர் மன்னியுங்கோ, மன்னியுங்கோ என்று முணுமுணுத்தார்.

திரையில் வேலாப்போடி துடுப்பை இடுக்கிக்கொண்டு வெளியே நடந்தான். முதுகில் இருந்த பெயர் சிறுத்துச் சிறுத்துப் போனது. அன்னப்பிள்ளை முன்னுக்குக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"இனி ஆரும் இல்லையோ?" என்று கேட்டார்.

"இன்னும் இருக்கினம், அம்மா" என்றான் றஊப். "இந்தா, வாறார்."

அடுத்தவர் மைதானத்துக்குள் வந்தார். அன்னப்பிள்ளை பின்னால் சாய்ந்து, பையை மடியிலிருந்து நிலத்தில் வைத்துவிட்டு, வசதியாக இருந்தார். ஆட்டம் முடியும்வரை எழும்பவில்லை. முடிந்ததும் இன்னொரு ஆட்டம் போடச் சொன்னார். இந்த முறை சோமசேகரம் பந்து போடவேண்டாம் என்றும் சொன்னார். வங்கிக் காசாளரை எழுப்பிவிட்டு றஊப்பையே பந்து போட இருத்தினார்கள். அவன் போட்ட பந்துகளை யார் வேண்டுமானாலும் அடிக்கலாம். வேலாப்போடி அடித்தான். ஐம்பது ஓட்டம் தாண்டியதும் தாய்க்கு ஒருவர் சோடா வாங்கிக் கொடுத்தார்.

அந்த மும்முரத்தில் கடைசி லோஞ்ச் போய்விட்டது. கூவிய சத்தத்தைக்கூட ஒருவரும் கேட்கவில்லை. றஊப் இறங்குதுறைவரை ஓடிப்போய்த் திரும்பி வந்தான். நகரத்தில் சொந்தக்காரர் ஒருவர் இருக்கிறார், அங்கே போகிறேன் என்றான். ஆனால் கால் நகரவில்லை. அந்த நாட்களில் இருட்டிய பிறகு தெரியாத தெருவால் நடக்க ஒருவருக்கும் மனமில்லை. அன்னப்பிள்ளை அவனைத் தங்களோடு வரச் சொன்னார். அன்புவழிபுரத்துக்கா என்று அவன் தயங்கினான். தன்னோடு வருகிறவனை எவன் என்ன கேட்பான் என்றார் அவர். இறைச்சி சமைக்கவில்லை, பாரை மீன் குழம்புதான், தின்பாய்தானே என்றும் கேட்டார். தின்பேன் என்றான்.

உம்மாவுக்குக் கடையிலிருந்தே தொலைபேசி எடுத்துச் சொன்னான். ஆமினா உம்மா அன்னப்பிள்ளையோடு கதைக்கவேண்டும் என்றார். இரண்டு பெண்களும் கதைத்தார்கள். பிள்ளைகளின் வயது, மீன் விலை, மூதூரில் எரிந்த கூரை, வெருகலில் விட்டுவந்த மாடுகள் என்று எங்கெங்கோ போனது கதை. கடையைப் பூட்டச் சாவியோடு வந்த செல்லத்தம்பி, கால் மாற்றி நின்றான். குணமணி அவனைப் பொறுத்திருக்கச் சொன்னாள்.

காலையில் முதல் லோஞ்சில் றஊப் புறப்பட்டபோது அவன் கையில் ஆமினா உம்மாவுக்கென்று ஒரு பொட்டலம் கருவாடு இருந்தது. அதற்குள் செய்தி பரவியிருந்தது. இறங்குதுறைக்கே தம்பிராசா வந்து, குச்சவெளி அணியின் முதுகில் கடலில் போய்த் திரும்பாத தன் தம்பியின் பெயரைப் போட ஏலுமா என்று கேட்டார். கிண்ணியாக்காரர் தங்கள் தேநீர்க் கடையின் பெயர் வேண்டும் என்று குணமணியிடம் சொல்லியனுப்பியிருந்தார்கள். எல்லாவற்றையும் கடையில் சொல்லுங்கள், அக்கா பார்த்துச் சொல்லுவா என்று றஊப் சொல்லிவிட்டு ஏறினான்.

லோஞ்ச் வெளித்துறைமுகத்துக்கு வந்ததும் காற்று நன்றாக அடித்தது. றஊப் கருவாட்டுப் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு மூதூர் அணியைப் பற்றி யோசித்தான். பச்சை நிறச் சட்டை, முதுகு வெறுமை. திரும்பி வராத ஒருவரின் பெயர் நினைவுக்கு வந்தது. பிறகு இன்னொன்று. மூதூர்க் கரை தெரியத் தொடங்கியபோதும் எதை எழுதுவது என்று அவன் இன்னும் முடிவு செய்திருக்கவில்லை.